திரும்பி வராத ஒரு மெயில்

அலமாரிக்குள் ஒரு கருப்புப் பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது. வீட்டு மெயில்கள் எல்லாம் போய்வர அண்ணன் தன் கையாலேயே அமைத்த மெயில் சர்வர் அது. விடிகாலையில் அவன் இறந்துபோனான். அந்தச் செய்தியைத் தம்பி அதே சர்வர் வழியாக 'குடும்பம்' என்ற பட்டியலுக்கு அனுப்ப, போன மெயில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. மத்தியான வெயில் திரையில் விழுந்து கண் கூசுகிறது. கையால் மறைத்துப் படிக்கிறான்.

"என்னவாம் தம்பி?" அண்ணி நிலையில் சாய்ந்து நிற்கிறாள்.

"நேத்து கரண்டு போய் வந்ததுல நம்ம நெட் லைனுக்கு வேற ஐ.பி. நம்பர், விலாசம் மாதிரி, விழுந்திருக்கு அண்ணி. முன்னாடி அதை வெச்சிருந்தவன் குப்பை மெயிலா அனுப்பித் தள்ளியிருக்கான். இப்ப நம்மளை எவனும் உள்ள விடமாட்டேங்கிறான்."

"வேற மெயில் வெச்சுக்க உங்கண்ணன் எங்க விட்டாரு. அக்காவுக்காவது போச்சா? முகம் பாக்கணும்னா அவங்க இன்னிக்கே பிளைட் ஏறணுமே."

அக்காவின் நம்பர் அண்ணன் போனில்தான் இருக்கிறது. அதன் பூட்டைத் திறக்க யாருக்கும் தெரியாது. பழக்கதோஷத்தில் அண்ணி அதை ஜன்னலோரம் சார்ஜில் போட்டிருக்கிறாள்.

தம்பி எதையோ மாற்றி, மறுபடி அனுப்புகிறான். அக்கா, சித்தப்பா, மாமா என்று மறுபடியும் எல்லாம் திரும்பி வருகின்றன.

"ஒண்ணு மட்டும் போயிருக்கு அண்ணி."

"யாருக்கு?"

தம்பி அந்த முகவரியைப் பார்க்கிறான். வெளியே யார் தயவும் தேவைப்படாமல், இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிற முகவரி அது. பட்டியலிலிருந்து அதை எடுக்க மறந்துவிட்டான். ஜன்னலோரம் போன் அதிர்கிறது. பூட்டிய திரையில் அண்ணனுக்கு அவனுடைய சாவுச் செய்தி வந்து நிற்கிறது.