நாலு மணி வானம்

வானிலை நிலையத்தின் மொட்டை மாடியில் நின்று அவர் அண்ணாந்து பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கார்மேகம். சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

புற ஊதாக் கதிரை அளக்கும் மெஷினில் பூஜ்யம்.

இப்படி ஒரு நாளுக்காகத்தான் மூன்று மாதமாகத் தவம் கிடந்தார்.

அவருடைய பத்து வயது மகளுக்குப் பிறந்ததிலிருந்தே வெயில் ஆகாது. கதிர் அளவு இரண்டுக்குள் இருந்தால் கால் மணி நேரம் வெளியே நிற்கலாம் என்பது டாக்டர் கொடுத்த சலுகை. தினமும் நாலு மணிக்கு அளவெடுத்ததும் வீட்டுக்குப் போன் செய்வார். அவர் சொன்னால்தான் வாசல் கதவு திறக்கும்.

இருபது வருடமாக மேகம் பார்க்கிறவர். ஆபீஸில் அவருக்குப் பெயரே மேகத்தின் மாமனார். அவரைக் கேட்காமல் ஒரு துண்டு மேகமும் நகராதாம். இறகு போன்ற மெல்லிய மேகம் பேருக்குத்தான் மேகம், கதிரை அப்படியே விட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். கனத்த மழைமேகம் மறித்துவிடும் என்பதும் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்ததோ பஞ்சுப் பொதி மேகம். பாதி வானம் வெள்ளை, நடுநடுவே நீலம். போனில் இரண்டு என்றார். மகள் துள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

பொழுது சாய்வதற்குள் முகமெல்லாம் கொப்புளம். இடது கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

இடைவெளியில் இறங்கும் வெயிலோடு, மேகத்தின் ஓரங்களில் பட்டுத் தெறிப்பதும் சேர்ந்துகொண்டால் மேகமில்லாத வானத்தைவிடக் கூடுதலாகவே கதிர் இறங்கும் என்று பிறகு மேலதிகாரி விளக்கினார்.

“மேகம் ஏமாத்திடுச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றாள் மனைவி. அந்த ஆறுதல்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. வெள்ளை மேகம் தெரிந்த நாளில் அவர் போனைத் தொடவே இல்லை.

மகள் அன்றிலிருந்து ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை.

இப்போது மாடியிலிருந்தே போன் செய்தார். அவளே எடுத்தாள்.

“தங்கம், இன்னிக்கு பூஜ்யம்மா. பயப்படாம வெளிய வா.”

அவள் நிதானமாகக் கேட்டாள்.

“மெஷின் சொல்லுதாப்பா, நீங்க சொல்றீங்களா?”

அவர் மெஷினை இன்னொரு முறை பார்த்தார்.

அந்தப் பஞ்சு மேக நாளில் மெஷின் காட்டியது ஐந்து. வெறும் வானத்திலேயே நாலைத் தாண்டாத நேரத்தில், மேகம் இருக்கும்போது ஐந்தா, மெஷின் பழுதாகிவிட்டது என்று நினைத்து, பதிவேட்டில் ஐந்தை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதியவர் அவர்தான்.

அதை வீட்டில் யாரிடமும் அவர் சொன்னதில்லை.