மாடிக்குப் போன அரிசி

குணசீலன் அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கிப் போவதைத் தில்லைநாயகி சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தாள். காலையில் மகளின் கட்டில் போயிருந்தது. நேற்று பத்திரப் பெட்டி.

அவள் கணவன் குணசீலன், ஊருக்கு மேலிருக்கும் பெரிய ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அரசுப் பொறியாளன். அவள் அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.

அரசுப் பணத்தில் நடக்கும் அமைப்புகள் ஆள் வைத்து எம்.எல்.ஏ.க்களிடம் பேசி ஆதரவு தேடக் கூடாது என்றுதான் முதலில் சட்டம் வந்தது. போன வருடம் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களின் வாயையும் அதில் சேர்த்தார்கள். அதற்குச் சட்டசபையில் மேசையைத் தட்டி வரவேற்றவர்களில் அவளும் ஒருத்தி. அன்றிலிருந்து குணசீலனின் மணிக்கட்டில், பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும் அரசுப் பட்டை ஒன்று இருக்கிறது. தன் வேலையைப் பற்றி அவளிடம் வாய் திறந்தால் அது சிவக்கும். வேலை போகும், பிறகு சிறை.

"என்னங்க, எதுக்கு எல்லாத்தையும் மேல ஏத்துறீங்க?"

"சும்மாதான்."

"ஏரிக் கரை..." என்று ஆரம்பித்தாள். பட்டை மஞ்சளாக மினுங்கியது. நிறுத்திக்கொண்டாள்.

மழையைப் பற்றிப் பேசத் தடையில்லை. "இந்த வருஷம் மழை நிறைய இருக்குமா?"

"கொஞ்சந்தான் பெய்யும்னு சொல்றாங்க." பட்டையைப் பார்த்தபடியே சொன்னான். "கொஞ்சமே போதும், நாயகி."

"நான் சபையில கேட்டா, யாரு சொன்னதுன்னுதான் முதல்ல கேப்பாங்க" என்றாள்.

அவன் அடுத்த மூட்டையைத் தூக்கக் குனிந்தான்.

அவள் எழுந்து அதன் மறுமுனையைப் பிடித்தாள். மாடியில் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, அவளுக்கு ஓட்டுப் போட்ட தெருக்கள் கீழே தெரிந்தன. ஒரு வீட்டுக்கும் மாடி இல்லை.