வாப்பாவின் டயர் போர்ட்

ஜும்ஆ முடிந்த கையோடு, சாக்கில் சுற்றிய ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி றஸாக் கல்முனையில் பொத்துவில் பஸ் ஏறினார். கண்கள் கலங்கியிருந்தன.

"கபுறுக்கு நடுற மீசான் பலகையா காக்கா? ஆரு மவுத்து?" என்று கேட்டார் கண்டக்டர்.

"என்ட வாப்பாட..." என்று றஸாக் சாக்கை இன்னும் இறுக்கி அணைத்தார். கண்டக்டர் முன் சீற்றில் இருந்தவரை எழுப்பி இடம் பிடித்துக் கொடுத்தார்.

சாக்குக்குள் இருந்தது டயர் விளம்பரத் தகரம். பழைய காரும், தொப்பி போட்ட துரையும் வரைந்தது. றஸாக்கின் வாப்பா கராஜ் திறந்த அன்று சுவரில் மாட்டியது.

போன மாதம் மோட்டார் சைக்கிள் பழுதாகி வந்த, அறுகம்பேயில் தங்கியிருந்த வெள்ளைக்காரன், அது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனுடைய ஊர்க் கராஜில் மாட்ட வேண்டுமாம். பதிலுக்குத் தன் கசட் ரேடியோவைத் தருகிறேன் என்றான்.

வாப்பாவின் தகரத்தைக் கொடுக்க றஸாக்குக்கு மனமில்லை. ரேடியோவை விடவும் மனமில்லை. அதே மாதிரி இன்னொன்று செய்யச் சொல்லி, மருதமுனைப் பெயின்டர் முனாபிடம் கொடுத்தார்.

நாலாம் நாள் முனாப் இரண்டு தகரங்களோடு வந்தான். றஸாக் உறுமிக்கொண்டிருந்த லொறிக்கு அடியில் கிடந்தார்.

"காக்கா, அச்செடுக்கப் பழசத் தேச்சிக் கழுவினன். புதுச உப்புத் தண்ணியில ஊறப் போட்டு..."

"ஒண்டும் கேக்கல்ல! சுவரோட சாத்திட்டுப் போ!"

துருப்பிடித்ததை றஸாக் சுவரில் மாட்டினார். பளிச்சென்று இருந்ததை வெள்ளைக்காரனிடம் நீட்டி, "வாப்பாட ஞாபகம், கவனம்" என்று கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மனைவி ஸகியா ரேடியோவைத் தொடவே இல்லை. "ஏமாத்தி வாங்கின சாமான். இதில குர்ஆன் கிறாஅத் கேட்டாலும் நன்மை எழுதமாட்டாங்க."

இன்று குத்பாவில் மௌலவி வியாபாரக் கலப்படத்தைப் பற்றிப் பேசினார். முழு நேரமும் தன்னையே பார்த்துப் பேசியதாக றஸாக்குக்குப் பட்டது. நேரே கராஜுக்குப் போனார், சுவரில் இருந்ததைக் கழற்றினார், பஸ் ஏறிவிட்டார்.

பொத்துவிலுக்குப் பக்கத்து அறுகம்பேயில் வெள்ளைக்காரனைத் தேடிப் பிடித்து, தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினார். அது போலி, இதுதான் அசல், மன்னித்துக்கொள் என்றார். வெள்ளைக்காரன் இரண்டு தகரங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு றஸாக்கைக் கட்டிப்பிடித்தான். இப்படியொரு நேர்மையான மனிதனைக் கண்டதில்லை என்று தன் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கட்டிவிட்டான்.

றஸாக் பளபளத்த தகரத்தோடு திரும்பி வந்து, அதைச் சுவரில் மாட்டினார். வாப்பாவின் தகரம் போய்விட்டது, பாவமும் போய்விட்டது. அன்றுதான் ஸகியா ரேடியோவைப் போட்டாள்.

மறுநாள் காலை கராஜுக்கு வந்த முனாப், சுவரைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"வாப்பாடத வெச்சிக்கிட்டு, நான் செஞ்சத வெள்ளக்காரன்ட தலையில கட்டிட்டீங்களே! கெட்டிக்காரன் காக்கா நீங்க!"