தெருப்பக்கம் திரும்பிய அம்பு

வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் சுவரிலிருந்த இன்வெர்ட்டர் பெட்டி ‘டக்’கென்று தெரு இணைப்பைத் துண்டித்துவிட்டு, பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும். அந்த ஒரு நொடியில் காடை முட்டை இன்குபேட்டர் அணைந்து எரியும். முட்டையெல்லாம் கூமுட்டையாகிவிடுமே என்று பதறித்தான், துண்டிக்கிற சுவிட்சையே எடுத்துவிடும்படி ரெஜினா போன வாரம் எலக்ட்ரீஷியனை நச்சரித்தாள். அதன்பிறகு ஒரு பல்புகூடச் சிமிட்டவில்லை.

இன்றைக்கு நல்ல வெயிலில், வாசல் கம்பத்தின் உச்சியில் லைன்மேன் சுடலைமணி நின்றான். “டிரான்ஸ்பார்மர்ல நிப்பாட்டியாச்சுக்கா. பத்தே நிமிஷம்.”

ரெஜினா பெட்டியைப் பார்த்தாள். அதன் திரையில் அம்புக்குறி தெருவிலிருந்து பேட்டரிக்கு ஓடும். இல்லையென்றால் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு ஓடும். துண்டிக்க சுவிட்ச் இல்லாததால் இப்போது அது பேட்டரியிலிருந்து தெருவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. தெருவுக்கே கரண்ட் நிறுத்தியிருந்தும் எதிர்வீட்டு வாசல் விளக்கு மங்கலாக எரிந்தது.

ஜன்னலுக்குப் பாய்ந்தாள். “தம்பி, தொட்டுராதீங்க! கம்பியில கரண்ட் வருது!”

“எப்படிக்கா வரும்? ஃபியூஸ் கட்டை மூணும் என் பையிலல்லா இருக்கு.”

சிரித்தபடி ஒன்றை எடுத்து அவளுக்கு ஆட்டிக் காட்டிக்கொண்டே, மற்றக் கையைக் கம்பிக்கு நீட்டினான்.