இன்ஸ்பெக்டர் ஜீப்புக்கு லாரி டயர்

மரியசூசை தன் வாழ்நாளில் எதையும் நஷ்டத்துக்கு விற்றவர் அல்ல. காரைக்காலில் அவருடைய பழைய மோட்டார் சாமான் கடையில் துருப்பிடித்த நட்டு ஒன்றைச் சும்மா கேட்டால்கூட, மாதாகோவில் உண்டியலையே கேட்டதுபோல் முகம் மாறும். அப்படிப்பட்டவர் அன்று நான்கு பட்டாள லாரி டயர்களை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கத் தயாராக நின்றார்.

வாங்க வந்தவர் சுங்க இன்ஸ்பெக்டர் நாகூர் மீரான்.

பாவம், அவருடைய ஜீப் கடற்கரை மணலில் கால் வைத்தால் எருமைபோல் படுத்துவிடும். ஒரு பக்கம் கள்ளச்சரக்கு கரையேறும். மறுபக்கம் இன்ஸ்பெக்டர் ஜீப்பைத் தள்ளிக்கொண்டிருப்பார். அகலமான டயர் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். இருக்கிற டயர் ஏன் தேய்ந்தது என்று விளக்கம் கேட்டுப் பதில் வந்தது. டிரைவரும் கொடுக்கவில்லை; அவரேதான் ஓட்டிக்கொள்ள வேண்டும்.

“இன்னும் கொஞ்சம் குறைச்சுக்குங்க சூசை அண்ணே. என் கைக்காசு.”

“ஐயாவுக்குன்னா சரி. சர்க்காருக்குன்னா காலணா குறைக்க மாட்டேன்.”

மெக்கானிக் சுப்ராயன் தலையைச் சொறிந்தான். “டயர் பெருசுண்ணே. மட்கார்டுல இடிக்கும்.”

“இடிச்சா மட்கார்டை வெட்டு.”

“அப்பவும் திருப்பத்துல உரசும்.”

“பழைய பஸ்ஸு ஸ்பிரிங் பட்டையைக் கீழ குடுத்து வண்டியைத் தூக்கு. எல்லாத்தையும் நானா சொல்லணும்?”

வெட்டினான், தூக்கினான். சாயங்காலம் ஜீப் வெளியே வந்தபோது ஆட்டுக்குட்டிக்கு யானைக்கால் கண்டதுபோல் இருந்தது. ஆனால் மணலில் பிரமாதமாக ஓடியது. தார் ரோட்டில் மட்டும், கட்டை கட்டையாகப் பல் வைத்த அந்தப் பட்டாள டயர் நரிக்கூட்டம்போல் ஊளையிட்டது. தருமபுரத்தில் புறப்பட்டால் கடைத்தெருவில் கேட்டது.

இன்ஸ்பெக்டருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. சூசையின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் இருதயமேரி சோறு போடாமல் நின்றாள். “உங்களைப் பிடிச்சு உள்ள போடத்தானே அந்த மனுசன் ஜீப்புல அலையிறாரு? அவருக்கே டயரா? புத்தி எங்க போச்சு?”

“பூனைக்கு யாரு மணி கட்டுறதுன்னுதான் எலியெல்லாம் தவிக்கும்டி. இங்க பூனையே கடைக்கு வந்து, மணிக்குப் பேரம் பேசி, கைக்காசு குடுத்துக் கட்டிக்கிட்டுப் போவுது!”

இருதயமேரி சோறு போட்டாள். அப்பளமும் வைத்தாள்.

சூசையைக் குற்றம் சொல்வதிலும் நியாயம் இல்லை. பிரெஞ்சுக்கொடி பறந்தவரை அவர் இறக்கியது வெறும் சரக்கு. கொடி மாறிய மறுநாளே அதே சரக்கு கள்ளச்சரக்கு ஆகிவிட்டது. கொடி மாறினால் கொடிக்கம்பம் மாறட்டும். சூசை ஏன் மாற வேண்டும்?

அதன்பின் தொழில் சுகமாக நடந்தது. ஊளை கேட்டுக்கொண்டிருக்கும்வரை படகு கடலிலேயே நிற்கும். ஊளை தேய்ந்ததும் கரையிலிருந்து துண்டை வீசினால் உள்ளே வரும். இன்ஸ்பெக்டரும் மணலில் மின்னலாய் வந்து, மீன் கூடைகளைக் கிளறிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஒரு தடவை நண்டிடம் கடியும் வாங்கிக்கொண்டு போனார்.

“இந்த வருசமும் ஒண்ணும் பிடிக்கலைன்னா தண்ணியில்லாத ஊருக்கு மாத்திடுவாங்க அண்ணே” என்று கடையில் வந்து புலம்பினார். சூசைக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தைரியத்தில்தான் கடையையும் வீட்டையும் அடகு வைத்து, கொழும்பிலிருந்து கைக்கடிகாரங்களை வரவழைத்தார். பிடிபட்டால் ஜெயில், திரும்பி வரும்போது வீடும் இருக்காது. ஆகையால் சுப்ராயனிடம்கூட மூச்சு விடவில்லை.

சரக்கு காலை மீனோடு மீனாக வர வேண்டும். சூசை கடையில் பேப்பரை விரித்துக்கொண்டு, காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார்.

ஊளை எழுந்தது. நெருங்கியது. கடற்கரைப் பக்கம் திரும்பாமல், கடை வாசலைத் தாண்டி, மேற்கே சுரக்குடிப் பக்கம் போய்த் தேய்ந்தது. சூசை பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. மணி கட்டிய பூனையை முகம் வேறு பார்க்க வேண்டுமா என்ன? சைக்கிளை எடுத்தார்.

கருக்களாச்சேரிக் கரையில் நின்று துண்டை வீசினார். தூரத்தில் காத்திருந்த படகு திரும்பி வந்தது. கூடை இறங்கியது. காலா மீனுக்கு அடியில் கையை விட்டார். எண்ணெய்த் துணிப் பொட்டலம்! பிரித்து, ஒரு கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்தே பிழைக்கிற அந்த ஊர் மொத்தமும் ரோட்டுக்குத்தான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

படகுக்குப் பின்னாலேயே ஒரு கட்டுமரம் கரை தட்டியது. அதிலிருந்து மீன் இறங்கவில்லை. நனைந்த காக்கி உடுப்போடு, இரண்டு சேவகர்களையும் கூட்டிக்கொண்டு நாகூர் மீரான் இறங்கினார்.

“கடல்ல இருந்து பாத்தா உங்க துண்டு ரொம்ப நல்லாத் தெரியுது அண்ணே.”

சூசை ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “ஐயா... ஜீப்பு... இப்பத்தானே சுரக்குடிப் பக்கம்...”

“அதுவா? டயர் உரசுதுன்னு நேத்து உங்க சுப்ராயன்கிட்ட சொன்னேன். காலையில சுரக்குடி வரைக்கும் ஓட்டிப் பாத்துடறேன்னு அவரே வண்டியைக் கேட்டு வாங்கிக்கிட்டாரு.”