எட்டாவது புத்தகம்

ஏழாவது சமையல் புத்தகத்தையும் மனைவி மூடிக் கடை அலமாரியில் வைத்தபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

அவர் பொறுமைக்குப் பேர்போனவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதி வாங்கும் மேஜை அவருடையது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வருகிறவர்கள்கூட, இந்த மனுஷன் ஒருத்தராவது காது கொடுத்துக் கேட்கிறாரே என்று மனசு ஆறித்தான் திரும்பிப் போவார்கள்.

வீட்டு விஷயம் வேறு. எட்டு மாதமாக வீட்டில் நாலே நாலு சமையல். உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, முட்டைக்கோஸ். முடிந்தால் மறுபடி உருளைக்கிழங்கு. ஒரு காலத்தில் வகைவகையாய்ச் செய்து போட்டவள்தான். என்ன வந்ததோ, கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டாள். அவர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார், கிண்டல் பண்ணிப் பார்த்தார், ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தும் போனார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

போன வாரம் விஷயம் முற்றிவிட்டது. மகளின் டிபன் டப்பா மூன்று நாளாகத் திறக்காமலே வீட்டுக்கு வந்தது. கேட்டால், தோழி வீட்டில் இவளுக்கும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார்களாம். அம்மா இனிமேல் எனக்குக் கட்டவேண்டாம் என்று மகள் பட்டென்று சொன்னதும், சமையலறைக்குள் போன மனைவி வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுநாள் அவளே கேட்டாள், ஒரு சமையல் புத்தகம் வாங்கித் தருகிறீர்களா என்று. அப்பாடா, வழிக்கு வந்தாளே என்று லீவு நாளில் புத்தகக் கடைக்கு அழைத்து வந்திருந்தார்.

வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. அவர் எடுத்துக் கொடுக்காத புத்தகம் இல்லை. குடும்பத்தோடு சாப்பிட ஒன்று, அவசரச் சமையலுக்கு ஒன்று, பள்ளிக்கூட டப்பாவுக்கென்றே ஒன்று. படத்தைப் பார்த்தாலே பசி எடுக்கும். அவளோ படத்தின் பக்கமே போகவில்லை. நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திருப்புவாள், விரலை வைத்து நாலு வரி படிப்பாள், மூடிவிடுவாள்.

"இது வேண்டாங்க."

ஏன் வேண்டாம் என்று கேட்டால், புத்தகத்தை அலமாரியில் வைக்கத் திரும்பிவிடுவாள்.

கல்லாவில் இருந்த கடைக்காரம்மா எழுந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு மானம் போயிற்று.

"சமைக்க மனசில்லாதவங்களுக்கு எந்தப் புத்தகம்தான் பிடிக்கும்? சாக்கு தேடறா" என்றார், கடையில் இருந்த நாலு பேர் காதிலும் விழும்படி.

மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. கடைக்காரம்மா அவரைக் கண்டுகொள்ளாமல் அவள் பக்கம் திரும்பி, எந்த மாதிரி வேணும், சொல்லுங்க, தேடித் தரேன் என்று தணிவாகக் கேட்டாள்.

"உப்பு எத்தனை ஸ்பூன்னு போட்ட புத்தகம் வேணும். எல்லாத்துலயும் தேவையான அளவுன்னுதான் இருக்கு."

கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். ஆளுக்கு ஆள் நாக்கு வேறம்மா, அதனால்தான் அப்படி எழுதுகிறார்கள், கொஞ்சம் போட்டு வாயில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றாள்.

மனைவி அவள் பக்கம் ஓரடி நகர்ந்தாள். பிறகு கடைக்காரம்மாவிடம் மட்டும் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு ருசி தெரியறதில்லம்மா. காய்ச்சல் வந்து போனதிலேருந்து ருசியும் இல்ல, வாசனையும் இல்ல. பழகின நாலு சமையல்னா கை அளவு தெரியும். புதுசா எதையாவது பண்ணி உப்பு கூடிட்டா? விடியக்காலையில டப்பா கட்டறப்ப எல்லாரும் தூங்கறாங்க. யாரை எழுப்பி வாயில வெச்சுப் பாக்கச் சொல்றது?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியது. பக்கத்திலேயே உட்கார்ந்து கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளை, புத்தி எங்கே மேயப் போயிருக்கு என்று கத்தியது அவர்தான்.

கடைக்காரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு மறுகோடி அலமாரிக்குப் போனாள். தொப்பி போட்ட கரடி அட்டைப்படம் போட்ட ஒரு ஒல்லிப் புத்தகத்தோடு வந்தாள். சின்னப் பிள்ளைகள் சமையல் பழகுகிற புத்தகம். அதுகளுக்குப் பதம் தெரியாது என்பதால் உப்பு முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் ஸ்பூன் கணக்கு இருக்கிறது என்றாள்.

மனைவி திறந்து பார்த்தாள். உப்பு முக்கால் ஸ்பூன். அடுத்த பக்கம், உப்பு ஒன்றேகால் ஸ்பூன். புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், எட்டு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் தெரியாமல் போயிற்றே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கூடவே லேசாகக் கோபமும் வந்தது. முன்பின் தெரியாத கடைக்காரியிடம் சொல்லத் தெரிந்தவளுக்கு, கட்டின புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லையா?

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

அவள் நடந்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"சொன்னேங்க. காய்ச்சல் விட்டு எழுந்த அன்னிக்கே சொன்னேன். பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. 'சரி சரி, பசிக்குது, முதல்ல சாப்பாட்டை எடுத்து வை'ன்னீங்க. எடுத்து வெச்சேன்."