அருவிக்கு அளவுகோல்

குற்றாலத்து அருவியின் விலை அறுநூறு ரூபாய். ஜெர்மன் கேமராவுக்கு அவ்வளவு கொடுத்துவிட்ட தென்காசி ஜவுளிக்கடைக் குற்றாலிங்கம், அருவியையும் சேர்த்து வாங்கிவிட்டது போலத்தான் உட்கார்ந்திருக்கிறார். சாரல் தெறிக்கும் பங்களாத் தாழ்வாரத்தில், கழுவி வந்த படங்கள் பெஞ்சு முழுக்கப் பரந்து கிடக்கின்றன. "தண்ணி நூலு நூலா விழுதே அண்ணாச்சி! நம்ம டப்பா கேமராவுல இது கஞ்சி மாதிரில்லா விழும்" என்று கூட்டாளி பேச்சிமுத்து உருகுகிறார். "லென்ஸ் அப்படி, வே!" என்று குற்றாலிங்கம் கேமராவின் தோலுறையை வேட்டி நுனியால் ஒற்றி எடுக்கிறார், பெற்ற பிள்ளைக்கு அவர் மூக்குத் துடைத்து யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவி நாச்சியார் காப்பியை வைத்துவிட்டுப் படங்களைப் புரட்டுகிறாள். அவள் தங்கை குழல்வாய்மொழி பினாங்குக்குக் கப்பலேறிப் போய்விட்டாள், இனி என்று வருவாளோ. அவள் கிளம்புமுன் முகத்தைப் படம் பிடித்து வைக்கத்தான் நாச்சியார் இவரைக் கெஞ்சி அருவிக்கே கூட்டி வந்தது. படத்தில் பாறையோரம், ஈரச் சேலையில், கடுகளவு முதுகு ஒன்று நிற்கிறது. "இவ மூஞ்சி எங்கன?" "அருவி உசரம் தெரிய ஒரு ஆளு வேணும்லா? அதுக்குத்தான் அங்கன நிப்பாட்டுனேன்." "அளவு கச்சிதமா இருக்கு மதினி" என்கிறார் பேச்சிமுத்து. அவர்கள் இன்னும் வாய் வைக்காத இரண்டு காப்பித் தம்ளரையும் நாச்சியார் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். சுருளில் படம் பன்னிரண்டு. பன்னிரண்டிலும் அருவி வரவு, தங்கையின் முதுகும் வரவு. முகம் மட்டும் பாக்கி.